நொச்சி வேலியும் மரக்கறி விளைவும்

கொடி செழித்து வளர்ந்து பூக்கள் நிறைந்திருந்தும் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்கின்றன என மரக்கறிச் செய்கையாளர் முறையிடுவதுண்டு. பசளைக் குறைவு, நீர்க்குறைவு, பழ ஈ ஆகியவற்றால் இவ்வாறு நேரலாம். தேனீக் குறைவும் ஒரு முக்கிய காரணமாகும்; இதனைப் பலர் கவனிப்பதில்லை.

நெல் தன் மகரந்தத்தினாலேயே மணி கட்டும். பூசணியிலோ ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே உண்டாகின்றன. அவை விடியற்காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். மகரந்தம் ஒட்டுந்தன்மையுடையதாதலால் காற்றினாற் பரவாது. அச்சில மணி நேரத்துள் தேனீக்கள் பன்முறை வந்து சென்றாலன்றிக் காய் பிடியாது, பிடித்தாலும் கோணலாகும். பாகல், கெக்கரி என்பவற்றிற்கும் தேனீயின் உதவி தேவை.

தேனீக்களைத் தோட்டத்தருகே நிலைநிறுத்த நொச்சி மிகவும் ஏற்றது. இச்செடி நறுமணமுள்ள இலைகளையும் ஊதா நிறப் பூங்கொத்துக்களையும் உடையது. கடும் வரட்சியில் இலையுதிர்த்து, மழை கண்டதும் தளிர்க்கும். கால்நடைகள் இதனை அதிகம் விரும்பி உண்பதில்லையாதலால் வேலிக்கும் உகந்தது.

நடுகை

மாரி மழை தொடங்கியதும், பெருவிரற் பருமனுள்ள முற்றிய கிளைகளை ஒன்றரை அடி நீளத் துண்டங்களாக வெட்டுக. இரண்டடிக்கு ஒன்றாக, மூன்றிலொரு பங்கு மண்ணுட் புதையுமாறு நட்டு, அடியை நன்கு மிதித்து இறுக்குக. வேர் கொள்ளும்வரை ஈரம் காய விடலாகாது.

பராமரிப்பு

பூக்கள் கிளை நுனிகளில் தோன்றுவதால் வேலி முழுவதையும் ஒரே தடவையில் வெட்டலாகாது. ஒரு பகுதியை வெட்டி, அது தளிர்த்துப் பூத்தபின் மறு பகுதியை வெட்டுக. வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை வரம்பிற் பரவவிடாது அகற்றுக. வெட்டிய தழையை வயற் சேற்றில் மிதித்துப் பசளையாக்கலாம். நிழலில் உலர்த்திய இலையைச் சேமித்த தானியத்துடன் இட்டுவைத்தல் வண்டுகளை விலக்குதற்கு நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் முறையாகும்.

எச்சரிக்கை

பூக்குங் காலத்தில் காலைவேளையிற் பூச்சிநாசினி தெளித்தால், வேலி தேடி வந்த தேனீக்கள் தோட்டத்திலேயே மடியும். தெளித்தல் இன்றியமையாததாயின், பூக்கள் வாடியபின் மாலையிலே தெளிக்க. நொச்சிப் பூவின்மீது மருந்து படாதவாறும் காத்தல் வேண்டும்.

வேலிக்கென ஒதுக்கிய நிலத்தில் முட்கம்பியும் நிற்கலாம், நொச்சியும் நிற்கலாம். காவலோடு காயும் தருவது நொச்சியே.