சிறு எஞ்சின்களுக்கு ஏற்ற ஸ்பார்க் பிளக்

நீர் இறைத்தல், களை எடுத்தல், மருந்து தெளித்தல் முதலிய வேலைகளுக்குச் சிறு பெட்ரோல் எஞ்சின்கள் பெரிதும் உபயோகிக்கப்படுகின்றன. எஞ்சின் காலையில் கிளம்ப மறுக்குமாயின் ஆட்களின் கூலி வீணாவதோடு, பூச்சி விழுந்த பயிருக்கு உரிய நாளில் மருந்தும் கிடையாமற் போகிறது. இத்தகைய தடங்கல்களிற் பல, விலை குறைந்த உறுப்பாகிய ஸ்பார்க் பிளக்கைக் கவனியாமையால் நேரிடுவன. பொருந்தாத பிளக்கைப் பொருத்தி எஞ்சினையே கெடுத்துக்கொள்வது அதனினும் பெரிய நஷ்டமாகும்.

டீஸல் எஞ்சினுக்கு இந்தப் பிளக் கிடையாது. ஆதலால் இங்கே கூறப்படுவன பெட்ரோல் எஞ்சின்களுக்கும், பெட்ரோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் பிளக் வாங்குவோர் பெரும்பாலும் மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கின்றனர். அது போதாது. மரையின் பருமன், மரையின் நீளம், சூட்டின் தரம் ஆகிய மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும்.

பருமன் 14 மில்லிமீட்டர் உள்ள பிளக்குகளிலேயே மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டராகவும் 19 மில்லிமீட்டராகவும் இருப்பதுண்டு. உதாரணமாக, என்.ஜி.கே. பிளக்குகளில் பி.பி. 6 இ.எஸ். என்பது நீண்ட மரையுடையது, பி.பி. 6 எச்.எஸ். என்பது குட்டையானது. பெயரில் ஓர் எழுத்தே வேறுபாடு. குட்டையானது வேண்டிய இடத்தில் நீண்டதைப் போட்டால் அதன் முனை பிஸ்டனையோ வால்வையோ இடிக்கக் கூடும். நீண்டது வேண்டிய இடத்தில் குட்டையானதைப் போட்டால் பொறி குழிக்குள் ஒடுங்கிவிடும். வெறுமையாக நிற்கும் மரையில் கரியும் படியும்.

பிளக்கின் முனை சுமார் 450 டிகிரி செண்டிகிரேட் சூடேறினால்தான் தன் மீது படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். சூடு 850 டிகிரிக்கு மேற்பட்டுப் போனாலோ, பொறிக்கு முன்னரே எரிபொருள் பற்றிப் பிஸ்டனுக்குச் சேதம் விளையலாம். ஆகவே எஞ்சின் செய்தவர் குறித்த தரத்தையே வாங்குக. என்.ஜி.கே. பிளக்குகளில் எண் பெரிதானால் சூட்டை விரைவில் வெளிவிடும் குளிர்ந்த தரம். போஷ் பிளக்குகளில் எண் பெரிதானால் சூடான தரம். எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கலாகாது.

நிறத்தால் அறிதல்

கழற்றிய பிளக்கை எறிவதற்கு முன் அதன் முனையைப் பார்த்தல் அவசியம்.

1. இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது.

2. உலர்ந்த கரி: காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், சோக் மூடியபடி ஓடியிருக்கலாம்.

3. எண்ணெய்ப் பிசுக்கு: பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஓட்டும் எஞ்சினில் எண்ணெய் மிகுதி, மற்றவற்றில் பிஸ்டன் வளையத் தேய்மானம்.

4. வெளுத்துக் கொப்புளித்த முனை: மிகுந்த சூடு. பிளக்கின் தரம், பெட்ரோல் வரத்து, குளிர்விக்கும் காற்றின் வழி ஆகியவற்றைச் சோதிக்க.

காரணத்தை நீக்காமல் புதுப் பிளக் போடுவதனால் பயனில்லை. சில நாட்களில் அதுவும் அவ்வாறே கெடும்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குக. கம்பியை இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்றுக. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின் அதைத் திருகி எடுக்க வேண்டும். இன்றேல் மண் ஸிலிண்டருக்குள் விழும். மணல் வீசிச் சுத்தம் செய்தல் கூடாது. இடுக்கில் தங்கிய மணல் பின்னர் ஸிலிண்டரைத் தேய்த்துவிடும்.

முனைகளின் இடைவெளியை அளவுத் தகட்டால் பார்க்க. ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சினுக்கு இது 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். அளவு மாறியிருப்பின் பக்க முனையை மட்டும் மெல்ல வளைக்க. நடு முனையைத் தொடலாகாது.

பிளக்கை முதலில் கையாலேயே திருகி உட்கார வைக்க வேண்டும். பின்னர்ச் சாவியால் புதுப் பிளக்கை அரைச் சுற்றும், பழையதை அரைக்கால் முதல் கால் சுற்றும் இறுக்கினால் போதும். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியமாதலின் மிகுதியாக இறுக்கினால் மரை அழிந்துவிடும். தளர்வாக விட்டாலும் பிளக் மிகச் சூடேறும்.

மேற்கூறிய எஞ்சினுக்கு 100 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைச் சோதிப்பதும், 300 மணிக்கு அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் முறை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை நிறுத்துமுன் சற்று நேரம் பெட்ரோலில் ஓட்டினால், மறுநாள் பிளக் நனையாமல் எளிதிற் கிளம்பும்.

யந்திரங்களை வாடகைக்கு விடும் கூட்டுறவுச் சங்கத்தார், ஒவ்வொரு எஞ்சினுக்கும் உரிய பிளக்கின் பெயர், மாற்றிய தேதி, பழைய பிளக்கின் நிறம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வருவது சிலாக்கியம். விவசாயிகள் உரிய பிளக் ஒன்றையும் அதற்கான சாவியையும் எப்பொழுதும் கைவசம் வைத்திருப்பார்களாயின், பருவ வேலை தடைப்படாது.