அச்சுக்கேற்ற நிழற்படக் கோப்புகள்

புனேயை அடுத்த மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் வளரும் கார்விச் செடி ஏறத்தாழ 7 அல்லது 8 ஆண்டுகளுக்கு ஒரு முறையே கூட்டமாகப் பூக்கின்றது. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை மலரும் நீலகிரிக் குறிஞ்சிக்கு இஃது உறவினம். 1955ஆம் ஆண்டு முதல் புனேயில் இயங்கிவரும் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மேற்கு மையத்தில் இத்தகைய செடிகள் உலர்த்தப்பட்டுப் பாதுகாக்கப்படுகின்றன. உலர்ந்த மாதிரியில் இலையின் வடிவம் நிலைக்கும். மலரின் நிறமோ மங்கிவிடும். ஆதலின் நிறத்திற்குச் சான்றாவது களத்தில் எடுக்கும் நிழற்படமே. அதனைக் காக்கத் தவறின் அடுத்த பூப்பு வரையில் காத்திருக்க நேரிடும்.

புள்ளிகளின் கணக்கு

கையில் வைத்துப் பார்க்கும் அச்சுப் படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். எனவே 4 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் உள்ள படத்திற்கு 1200 × 1800 புள்ளிகள் போதும். ஏ4 தாளுக்கு 2480 × 3508, அதாவது சுமார் 87 இலட்சம் புள்ளிகள் தேவை. வகுப்பறைச் சுவரில் தொங்கவிட்டுத் தொலைவிலிருந்து பார்க்கும் படத்திற்கு அங்குலத்திற்கு 150 புள்ளிகளே போதுமானவை. கோப்பில் ‘300’ என்று எண்ணை மட்டும் மாற்றி எழுதுவதால் புதிய விவரம் எதுவும் தோன்றிவிடாது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

கோப்பு வகைகள்

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை நீக்கிவிடுகின்றது. இதனால் கோப்பு சிறிதாகின்றது. ஆயினும் நீக்கியவை மீள்வதில்லை. கோப்பை நகலெடுப்பதால் தீங்கில்லை. திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு நேரக்கூடும். ஆகவே திருத்தும் வேலைக்கு டிஃப் வகையே ஏற்றது. அது சுருக்கப்பட்டாலும், இழப்பற்ற முறையைத் தெரிந்துகொண்டால், விவரம் குறையாது. மேற்கூறிய ஏ4 படம், புள்ளிக்கு 3 பைட்டு வீதம், சுருக்காத நிலையில் சுமார் 2.6 கோடி பைட்டு இடங்கொள்ளும். கோட்டோவியம், வரைபடம் முதலியவற்றிற்கு ஜேபெக் பொருந்தாது. கோடுகளின் ஓரங்களில் கறை போன்ற கலங்கல் படியும். அவற்றிற்கு பிஎன்ஜி அல்லது டிஃப் தகும்.

கேமராவில் ‘ரா’ என்னும் மூல வடிவம் இருப்பின் அதனையும் சேர்த்துப் பதிவு செய்தல் நலம். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்திலும் 256 படிநிலைகளையே தருகின்றது. 14 பிட்டு மூல வடிவமோ 16,384 படிநிலைகளைத் தரவல்லது. கார்வி மலரின் நீலத்திற்கும் ஊதாவிற்கும் இடைப்பட்ட சாயலைப் பின்னர்ச் சீர்செய்ய இவ்வேறுபாடு பெரிதும் உதவும்.

களப் பணியாளர் கவனத்திற்கு

1. கேமராவில் மிகப் பெரிய அளவையும் மிக உயர்ந்த தரத்தையும் அமைக்க வேண்டும்.

2. மலரின் அருகில் அளவுகோலையும் வண்ண அட்டையையும் வைத்து ஒரு படமேனும் எடுக்க வேண்டும்.

3. மூலக் கோப்பைத் திருத்தாது இரண்டு இடங்களில் வைத்து, நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

4. செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படுவது வழக்கம். அச்சகத்திற்கு ஆவணமாக இணைத்தே அனுப்புதல் வேண்டும்.

5. அச்சகம் வேறு வண்ண அமைப்பைக் கேட்டாலன்றி எஸ்ஆர்ஜிபி அமைப்பிலேயே கோப்பைத் தருவது பாதுகாப்பானது.

ஆசிரியர்கள் ஒரே மலர்ப் படத்தை உயர்ந்த தரத்திலும் தாழ்ந்த தரத்திலும் சேமித்து, இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டு, மாணவர் உருப்பெருக்கி கொண்டு ஒப்பிடுமாறு செய்யலாம். மகரந்தத் தாள்களின் ஓரங்களிலேயே வேறுபாடு முதலிற் புலப்படும்.