டிராக்டரை ஒப்படைத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

காவிரியின் கடைமடையில், வெட்டாறு கடலில் கலக்கும் நாகூர்ப் பகுதியில், டிராக்டர் கடன் வாங்கிய சிறு விவசாயிகள் பலர் அறுவடைப் பணத்தை நம்பித்தான் தவணை கட்டுகின்றனர். மேட்டூர்த் தண்ணீர் காலத்தில் வராத ஆண்டிலும், கதிர் முற்றிய வயலை மழை சாய்த்துவிட்ட ஆண்டிலும் தவணை நின்றுபோகிறது. ஒன்று நின்றால் அடுத்ததும் நிற்கிறது. வசூல் ஆட்கள் வாசலுக்கு வரத் தொடங்கியதும், "வண்டியைக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்று சாவியைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சில மாதங்கள் கழித்து, மீதிப் பணத்தைக் கட்டும்படி நோட்டீஸ் வரும்போதுதான், வண்டி போயும் கடன் போகவில்லை என்பது தெரிய வருகிறது.

இது நிதி நிறுவனம் புதிதாகச் செய்யும் வேலை அல்ல. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. அதை முன்கூட்டியே அறிந்துகொண்டால் நஷ்டத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

கடன் வேறு, வண்டி வேறு

டிராக்டருக்குக் கடன் கொடுத்தவர் வண்டியை ஈடாக வைத்துக்கொண்டிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் அந்த ஈடு பதிவாகியிருக்கும். ஆனால் கடன் என்பது, வாங்கிய பணத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுப்பதாக விவசாயி கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு. வண்டியைத் திருப்பிக் கொடுப்பதால் அந்த வாக்கு நிறைவேறிவிடாது. வண்டியை விற்ற பணம் எவ்வளவோ, அவ்வளவுதான் கடனில் கழியும்.

அடகு வைத்த நகையை ஏலம் விட்டுக் கிடைத்த பணம் போதாவிட்டால், மீதிக்கு அடகு வைத்தவரே பொறுப்பு என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆவது பிரிவு கூறுகிறது. பணம் மிஞ்சினால் அதை அடகு வைத்தவருக்கே தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. வங்கிகள் ஈட்டுப் பொருளைக் கைப்பற்றி விற்கப் பயன்படுத்தும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டமும் 13-ஆவது பிரிவில் இதையே சொல்கிறது. குறைந்தால் மீதியை வழக்குப் போட்டு வசூலிக்கலாம். மிஞ்சினால் உரியவருக்குத் தர வேண்டும்.

கணக்கைப் பாருங்கள்

ஒருவருக்கு அசல், வட்டி, பாக்கி எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். அவர் சாவியைக் கொடுத்துவிடுகிறார். வண்டி யார்டில் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. டயர் காய்கிறது, பேட்டரி போகிறது. ஏலத்தில் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போகிறது. இழுத்துச் சென்ற செலவு, யார்டு வாடகை என்று 15 ஆயிரம் சேர்கிறது. மீதிக் கடன் 1 லட்சத்து 95 ஆயிரம்.

அதே வண்டியை, நிறுவனத்தின் எழுத்துச் சம்மதத்துடன் அவரே ஓடும் நிலையில் 4 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்றிருந்தால் மீதி 90 ஆயிரம்தான். வித்தியாசம் 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய். எண்கள் எடுத்துக்காட்டுக்காகத் தரப்பட்டவை. ஆனால் ஏல விலை சந்தை விலையைவிடக் குறைவாக இருப்பதும், செலவெல்லாம் கடன்காரர் தலையில் ஏறுவதும் வழக்கமாக நடப்பவை.

முதலில் செய்ய வேண்டியவை

தவணை தவறும் என்று தெரிந்தவுடனே கிளைக்குச் சென்று எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். புயல், வெள்ளம், வறட்சி என்று அரசு அறிவித்துப் பயிர்ச் சேதம் 33 சதவீதத்துக்கு மேல் போன பகுதிகளில், பயிர்க்கடன் மட்டுமின்றித் தவணைக் கடனையும் மாற்றியமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்ததைக் கண்ட மாவட்டம் இது. அப்படி ஒன்று வரும்போது, கிராம நிர்வாக அலுவலரிடம் சேதச் சான்று பெற்று உடனே மனுவுடன் இணைப்பது நல்லது.

மாற்றியமைக்க வழியில்லை என்றால், தாமே விற்பதே அடுத்த வழி. நிலுவைக் கணக்கை எழுத்தில் வாங்கி, வாங்குபவர் பணத்தை நேரே நிறுவனத்தில் கட்டச் செய்து, தடையின்மைச் சான்று பெற்று, நாகப்பட்டினம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடிக்க வேண்டும். நிறுவனத்துக்குத் தெரியாமல் விற்பது குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும்.

சாவி கொடுக்கும் முன்

ஒப்படைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. "வண்டியைப் பெற்றுக்கொண்டு கடனை முழுவதும் தீர்த்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால் நிறுவனத்தின் கடிதத் தாளில், அதிகாரி கையெழுத்து, முத்திரையுடன் வாங்க வேண்டும். வசூல் ஆளின் வாய்ச்சொல் நீதிமன்றத்தில் நிற்காது.

2. அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால், குறைந்தபட்சம் ஒப்படைப்பு ரசீது பெற வேண்டும். தேதி, இன்ஜின் எண், சேசிஸ் எண், ஓடிய மணி நேரம், டயர் நிலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

3. ரோட்டவேட்டர், கேஜ்வீல், டிரைலர் ஆகியவை கடனில் சேராதவையாக இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

4. வெற்றுத் தாளிலோ, நிரப்பாத படிவத்திலோ கையெழுத்துப் போடக் கூடாது.

5. விற்பனை பற்றி எனக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், நான் ஆள் கொண்டுவந்து கூடுதல் விலை காட்டுவேன் என்று பதிவுத் தபாலில் எழுத வேண்டும். சர்ஃபாசி சட்டப்படி அசையும் பொருளை விற்க 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி.

கொடுத்த பின்

ஏலம் போன விலை, கழித்த செலவு, மீதி என்ற கணக்கை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தவணை தவறியதற்கு அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்ப்பதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு உத்தரவில் தடுத்துவிட்டது; இப்போது அபராதக் கட்டணம் மட்டுமே போடலாம். கணக்கில் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். வண்டி கைமாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. யாரோ ஓட்டிய வண்டிக்கு இழப்பீடு கேட்டுப் பழைய உரிமையாளருக்கு நோட்டீஸ் வரலாம்.

மீதித் தொகைக்குச் சென்னையிலிருந்து நடுவர் நோட்டீஸ் வந்தால் அதைப் பரணில் போட்டுவிடக் கூடாது. பதில் சொல்லாமல் விட்டால் ஒருதலையாக உத்தரவு வரும். அது நீதிமன்ற டிக்ரிபோலவே செல்லும். அதை எதிர்க்க மூன்று மாதமே கெடு. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

டிக்ரி வந்தாலும் எல்லாம் போய்விடாது. தானே பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயி குடியிருக்கும் சொந்த வீடு, உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல் ஆகியவற்றைச் சாதாரணப் பணக் கடனுக்காக ஜப்தி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இடம் தரவில்லை. அவற்றையே அந்தக் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஜாமீன்தாரர் நிலை

கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. வண்டியை ஒப்படைக்கும் முன் மைத்துனரோ பங்காளியோ, யார் ஜாமீனோ அவரிடம் சொல்லிவிடுவது முறை. மீதிக்கான நோட்டீஸ் அவர் வீட்டுக்கும் போகும். ஒரு டிராக்டரால் உறவு முறிந்துவிடக் கூடாது.

மிரட்டினால்

2016 மார்ச்சில் ஒரத்தநாடு வட்டாரத்தில், டிராக்டர் தவணை பாக்கிக்காக ஒரு விவசாயி வயலிலேயே அடித்து இழுத்துச் செல்லப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது, சட்ட வழியில்தான் வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 உத்தரவு. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்து, 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கை வைத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

அச்சத்தில் கொடுக்கும் சாவிக்கு விலை கிடைக்காது. வண்டி கையில் இருக்கும்வரைதான் விவசாயியின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஆகவே, பேச வேண்டியதைப் பேசி, எழுதி வாங்க வேண்டியதை வாங்கிய பிறகே வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே விட வேண்டும்.