உலைக்குச் ‘சிம்’ வைப்பது எப்படி?

நம் வீட்டுக்குப் பைப் கேஸ் வந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். அதுவரை சிலிண்டரில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை ஃபிட்டர் கழற்றி, உள்ளேயிருந்த சிறு பித்தளை ஜெட்டை மாற்றிவிட்டுப் போயிருப்பார். “இரண்டும் கேஸ்தானே, எதற்காக மாற்ற வேண்டும்?” என்று அப்போது கேட்காத வீடு குறைவு.

காரணம் எளிது. ஒரு கன மீட்டர் சிலிண்டர் வாயு தரும் வெப்பத்தைத் தர, குழாயில் வரும் இயற்கை வாயு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பங்கு வேண்டும். எரிவதற்குத் தேவையான காற்றும் வேறுபடும். இயற்கை வாயுவின் பெரும்பகுதியான மீதேன் ஒரு பங்குக்குக் காற்று 9.5 பங்கு வேண்டும். சிலிண்டரில் உள்ள புரொப்பேனுக்கு 24 பங்கு, பியூட்டேனுக்கு 31 பங்கு. எனவே வாயு மாறினால் துளையும் மாறவேண்டும், காற்றும் மாறவேண்டும்.

வீட்டு அடுப்பில் இவ்வளவுதான் விஷயம். தொழிற்சாலை உலையில் இதுவே பல மணி நேர வேலை. 1996 டிசம்பர் 30 அன்று, தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பகுதியின் தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் குஜராத்தின் மோர்பியில் ஓடுகள் செய்யும் ஆலைகளின் நிலக்கரி வாயு உற்பத்திக் கலன்களை மூடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இப்படி மாறிய உலை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பர்னர் முன் உட்கார்ந்து வால்வைச் சரிசெய்திருக்க வேண்டும். நானும் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன். நம் பிள்ளைகளில் பலர் இத்தகைய ஆலைகளில் வேலைக்குச் சேருவதால், நான் கற்றதையும் தவறியதையும் இங்கே எழுதுகிறேன்.

மாடுலேட்டிங் வால்வு என்றால் என்ன?

சாதாரண வால்வுக்குத் திறப்பது, மூடுவது என்ற இரண்டு நிலைகள்தாம். மாடுலேட்டிங் வால்வு உலையின் வெப்பத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கும். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை ஒரு மின் குறிப்பை அனுப்ப, அதற்கேற்ப ஒரு சிறு மோட்டார் சுழலும். மோட்டாரோடு லிங்கேஜ் என்னும் கம்பிகளால் இணைந்த வாயு வால்வும் காற்று டாம்பரும் சேர்ந்து அசையும். முழு நெருப்பை ஹை ஃபயர் என்றும், குறைந்த நெருப்பை லோ ஃபயர் என்றும் சொல்வோம். அடுப்பில் ‘சிம்’ வைப்பதுதான் லோ ஃபயர்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைக்கவேண்டும். துளை வழியே செல்லும் வாயுவின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதாவது வாயு பாதியாக வேண்டுமானால் அழுத்தம் பாதியானால் போதாது, கால் பங்காக வேண்டும். ஹை ஃபயரில் பர்னர் முனையில் 400 மி.மீ. நீர் அழுத்தம் இருந்தால், பாதி நெருப்புக்கு 100 மி.மீ., கால் நெருப்புக்கு 25 மி.மீ., பத்தில் ஒரு பங்குக்கு வெறும் 4 மி.மீ.! லோ ஃபயரில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நெருப்பு பெரிதும் மாறிவிடும் என்பது இதனால் விளங்கும்.

முதல் நாள் செய்யவேண்டியவை

1. பற்றவைப்பதற்கு முன் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள். உலைக்கு வரும் வாயுவின் அழுத்தம் பர்னர் தகட்டில் குறித்த வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. காற்று விசிறியை ஓட்டி உலையின் உட்புறத்தை வெளியேற்றுங்கள். இதற்குப் பர்ஜ் என்று பெயர். உலையின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு காற்றாவது போகவேண்டும். உலை 12 கன மீட்டர், விசிறி மணிக்கு 550 கன மீட்டர் காற்றுத் தருமானால், ஐந்தேகால் நிமிடம். ‘அவசரம்’ என்று இதைச் சுருக்குவது கூடவே கூடாது. மீதேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

3. லோ ஃபயரில் பற்றவைத்து, சுடர் நிலைத்தபின் மெல்ல ஹை ஃபயருக்குக் கொண்டுபோங்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது ஹை ஃபயர்தான். அதை மாற்றினால் லோ ஃபயரும் மாறிவிடும் என்பதால், வரிசையைத் தலைகீழாக்கினால் செய்த வேலையே திரும்பவும் வரும்.

4. வாயு எவ்வளவு போகிறது என்பதை மீட்டரில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒரு கன மீட்டர் 72 விநாடியில் போனால் மணிக்கு 50 கன மீட்டர். பர்னர் தகட்டில் உள்ள எண்ணுக்கு இது பொருந்த வேண்டும்.

5. புகைபோக்கியில் பரிசோதனைக் கருவியை வைத்து ஆக்சிஜன் பாருங்கள். ஹை ஃபயரில் 3 சதவீதம் இருந்தால், தேவைக்கு மேல் சுமார் 15 சதவீதம் காற்று போகிறது என்று பொருள். இது நல்ல நிலை. கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் குறைவாக இருக்கட்டும். நிறமும் மணமும் இல்லாத அந்த நஞ்சைக் கருவிதான் காட்டும், மூக்கு காட்டாது.

6. பிறகு லோ ஃபயர். இங்கே ஆக்சிஜன் 6, 7 சதவீதம் வரை இருந்தாலும் பாதகமில்லை. சுடர் பர்னர் முனையில் ஒட்டி நிற்பதே முக்கியம்.

7. மீண்டும் ஹை ஃபயருக்குப் போய்ச் சரிபாருங்கள். அதன் பின் கால், அரை, முக்கால் நிலைகளிலும் பாருங்கள். வால்வு பாதி திறந்தால் பாதி வாயு போகும் என்று நினைப்பது தவறு. பட்டாம்பூச்சி வால்வு தொடக்கத்திலேயே நிறைய விட்டுவிடும். இரண்டு முனைகள் சரியாக இருந்தும் நடுவில் காற்று போதாமல் கரி படிந்த உலைகளைக் கண்டிருக்கிறேன்.

8. கடைசியாக, ஓடும்போதே கையால் வாயுவை மூடி, சுடர் காணும் ஸ்கேனர் பர்னரை நிறுத்துகிறதா என்று சோதியுங்கள். லிங்கேஜ் திருகுகளை இறுக்கி, நின்ற இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி உலையருகில் ஒட்டுங்கள்.

நான் தவறிய இடம்

இத்தனையும் தெரிந்தும் ஒருமுறை தவறினேன். குஜராத்தில் ஒரு தொழிற்பேட்டை. வெல்டிங் செய்த இரும்புச் சட்டங்களை 620 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்தும் உலை. சிலிண்டர் வாயுவிலிருந்து குழாய் வாயுவுக்கு மாற்றினோம். பகல் முழுதும் உழைத்து, ஹை ஃபயர் 50 கன மீட்டர், லோ ஃபயர் 5 கன மீட்டர் என்று அமைத்தேன். எண்கள் எல்லாம் அழகாக வந்தன. மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டதால், உலை சூடேறி லோ ஃபயருக்குத் தானே இறங்கும் வரை காத்திருக்காமல் புறப்பட்டுவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு உலை 620 டிகிரியைத் தொட்டது. நெருப்பு லோ ஃபயருக்கு இறங்கியது, உடனே அணைந்தது. மறுபடி பர்ஜ், மறுபடி பற்றவைப்பு, மறுபடி அணைவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்தக் கூத்து. இரவுப் பணியில் இருந்தவன் இருபது வயதுப் பையன். சரக்கு கெட்டால் தன் தலை உருளும் என்று பயந்து, ஸ்கேனரை ஏமாற்றி வால்வுக்கு நேராக மின்சாரம் கொடுத்துவிட்டான். அடுத்த முறை சுடர் அணைந்தபோது வாயு நிற்கவில்லை.

சூடான உலைதானே, வாயு தானே பற்றிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். 760 டிகிரிக்குக் கீழே அதை நம்பக்கூடாது என்பது உலைத் தொழிலின் விதி. நல்ல வேளையாக, எல்லோரும் ‘காகா’ என்று அழைக்கும் வயதான மேஸ்திரிக்கு வாயுவில் சேர்த்திருக்கும் நாற்றம் எட்டியது. அவர் உலைப் பக்கம் போகாமல், சுவருக்கு வெளியே இருந்த கைவால்வை மூடி, பையனை இழுத்துக்கொண்டு வெளியேறினார். ஒருவருக்கும் கீறல் இல்லை.

மறுநாள் நான் திரும்பியதும் காகா கேட்டது ஒரே கேள்விதான்: “சாகேப், பகலில் நின்ற நெருப்பு ராத்திரியில் ஏன் நிற்கவில்லை?”

விடை லிங்கேஜில் இருந்தது. காற்று டாம்பரின் மூட்டு ஒன்று தேய்ந்து ஆடியது. கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நான் அமைத்தபோது டாம்பர் ஓரிடத்தில் நின்றது. இரவில் மேலிருந்து இறங்கியபோது அந்த ஆட்டத்தினால் சற்று அதிகம் திறந்தே நின்றுவிட்டது. 4 மி.மீ. அழுத்தத்தில் வந்த மெல்லிய சுடரை அந்த அதிகக் காற்று ஊதி அணைத்துவிட்டது. மூட்டை மாற்றினேன். லோ ஃபயரை 8 கன மீட்டருக்கு உயர்த்தினேன். மானோமீட்டர் 10 மி.மீ. காட்டியது. இம்முறை மேலிருந்து இறக்கி இறக்கிப் பத்துத் தடவை பார்த்தேன். அன்றிரவு முழுதும் உலையருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பையனை வேலையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். தவறின் முதல் பங்கு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். அவன் செய்தது பெரிய குற்றம்தான். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணையும் உலையை அவன் கையில் விட்டுப் போனவன் நான். பாதுகாப்புக் கருவி அடிக்கடி நிறுத்துகிறதென்றால், அதன் வாயைக் கட்டாமல், அது சொல்வதைக் கேட்கவேண்டும் என்று அவனுக்கு அன்றே சொல்லிக் கொடுத்தேன். அதைச் சொல்லித் தராமல் முதல்நாள் ரயிலேறியதும் என் பிழையே.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹை ஃபயரை எல்லோரும் கவனமாக வைப்பார்கள், முதலாளியும் அதைத்தான் பார்ப்பார். உலை தன் வாழ்நாளில் பெரும்பகுதி நிற்பதோ குறைந்த நெருப்பில்தான், அதுவும் ஆள் குறைந்த இரவு நேரத்தில். அது ஒருமுறை தானே சூடேறி, தானே இறங்கி, தானே நிலைத்து நிற்பதைக் கண்ணால் பார்த்தபின் புறப்படுங்கள். ரயில் போனால் அடுத்த ரயில் உண்டு.