மூக்கணாங்கயிறு நீங்கிய கரடிகள்

நுழையும்முன்

விடுமுறை நாளில் விலங்குகளைக் காணச் செல்வது நமக்கு மகிழ்ச்சி தரும். காணப்படும் விலங்கு மகிழ்ச்சியாக வாழ்கிறதா? இவ்வினாவிற்கு விடை தேட ஹெப்பகோடி மாணவர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அருகிலுள்ள பன்னேர்கட்டாவில் அமைந்த கரடி மீட்பு மையத்தைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

காடும் எல்லையும்

ஹெப்பகோடி, ஆனேக்கல் வட்டத்தில் ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. தொழிற்சாலைகளில் பணிபுரிய வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வாழ்கின்றன. இவ்வூருக்கு மேற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா பரந்து கிடக்கிறது. அதன் காடுகள் தெற்கே தமிழ்நாட்டின் தளி, ஜவளகிரிக் காடுகளை நோக்கித் தொடர்கின்றன. யானைக் கூட்டங்கள் இரு மாநிலங்களுக்கும் இடையே இவ்வழியே வந்து செல்கின்றன. மாநில எல்லை மனிதர் வகுத்தது. யானைக்கு அது தெரியாது.

எண்கு என்னும் கரடி

தமிழிலும் கன்னடத்திலும் இவ்விலங்கின் பெயர் கரடிதான். சங்க இலக்கியம் இதனை 'எண்கு' என்று வழங்கும். எண்கு புற்றைக் கிளறி உண்பதையும், இருப்பைப் பூவை விரும்பித் தின்பதையும் அகநானூற்றுப் புலவர்கள் நுட்பமாகக் கண்டு பாடியுள்ளனர்.

கரையானே கரடியின் முதன்மை உணவுகளுள் ஒன்று. நீண்டு வளைந்த நகங்களால் அது புற்றைப் பிளக்கும். அதன் மேல்வாயில் நடுப்பற்கள் இரண்டு இல்லை. அவ்விடைவெளி வழியே கரையான்களை ஓசை எழ உறிஞ்சும். மண்துகள் புகாதவாறு மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் அதனால் இயலும். தாய்க்கரடி தன் குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும். இவ்வாறு காட்டு வாழ்விற்கேற்ற உடலமைப்பைப் பெற்ற விலங்கு, தெருவில் ஆடியது எவ்வாறு?

ஆட்டம் என்ற பெயரில்

கலந்தர் என்னும் சமூகத்தினர் பல தலைமுறைகளாகக் கரடிகளைத் தெருக்களில் ஆட்டுவித்துப் பிழைத்து வந்தனர். இதற்காகத் தாய்க்கரடியைக் கொன்று குட்டிகளைக் கவர்வது வழக்கம். பழுக்கக் காய்ச்சிய இரும்பூசியால் குட்டியின் முகத்தைத் துளைத்துக் கயிறு கோப்பர். கோரைப் பற்களை உடைப்பர். கயிறு இழுபடும்போது வலி தாங்காமல் கரடி எழுந்து கால்மாற்றி நிற்கும். அதனையே மக்கள் ஆட்டம் என்று எண்ணிக் கைதட்டினர்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டுவதை 1998ஆம் ஆண்டு நடுவண் அரசு தடைசெய்தது. ஆயினும் கரடியைப் பறித்துவிட்டால் அதனை நம்பி வாழ்ந்தவர் எவ்வாறு உண்பர்? தடையால் மட்டும் இவ்வினா தீராது.

மீட்பும் மறுவாழ்வும்

கார்த்திக் சத்தியநாராயணன், கீதா சேஷமணி ஆகிய இருவரும் 1995ஆம் ஆண்டு 'வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ்.' என்னும் அமைப்பைத் தொடங்கினர். கரடியை ஒப்படைத்த குடும்பங்களுக்கு வேறு தொழில் தொடங்க அவ்வமைப்பு உதவியது. அவர்தம் பிள்ளைகள் பள்ளி செல்லவும் வழிசெய்தது. கரடியின் விடுதலையும் மனிதரின் பிழைப்பும் ஒருங்கே எண்ணப்பட்டமையால் இப்பணி வெற்றி பெற்றது. 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. 2009ஆம் ஆண்டு டிசம்பரில், கடைசி ஆட்டக்கரடி எனப்பட்ட ராஜு பன்னேர்கட்டா மையத்தை அடைந்தது.

கர்நாடக வனத்துறையுடன் இணைந்து இம்மையம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. புதிதாக வரும் கரடியின் கயிறு முதலில் அகற்றப்படும். நோய் பரவாதிருக்க அது தனியே வைக்கப்படும். புண்ணும் பல்லும் மருத்துவரால் பார்க்கப்படும். பின்னர் மரங்கள் சூழ்ந்த திறந்தவெளியில் விடப்படும். உணவாகக் கஞ்சியும் பழங்களும் தரப்படும். மரக்கட்டைத் துளைகளில் தேன் தடவி வைப்பதும் உண்டு; தேனைத் தேடும்போது கரடியின் இயல்புகள் மீண்டும் விழித்தெழும்.

பல் உடைந்த கரடியைக் காட்டில் விட்டால் என்ன? உணவு தேடவும் தன்னைக் காத்துக்கொள்ளவும் அதற்குத் தாயிடம் கற்ற பாடம் இல்லை. ஆகவே அது வாழ்நாள் முழுதும் மையத்திலேயே பேணப்படுகிறது. பறித்ததை எல்லாம் திருப்பித் தர இயலாது என்பதை இக்கரடிகள் நமக்கு உணர்த்துகின்றன.

காணச் செல்வோர் அறிய வேண்டியவை

மீட்பு மையம் வேடிக்கைக் கூடம் அன்று. விலங்கு ஓய்வெடுக்க விரும்பி மறைந்திருந்தால், அதனைக் கூவி அழைத்தல் தகாது. உணவு எறிதல், கல் எறிதல், நெகிழிப் பைகளை வீசுதல் கூடவே கூடா. விலங்கோடு படம் எடுத்துக்கொள்ளவோ அதன்மேல் ஏறி அமரவோ பணம் கேட்கும் இடங்களை எந்த ஊரிலும் தவிர்த்தல் நன்று. அங்கு விலங்கு பணிவது அன்பினாலா, அச்சத்தினாலா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

எண்கு – கரடி
இருப்பை – இலுப்பை மரம்
மூக்கணாங்கயிறு – விலங்கை அடக்க மூக்கில் கோக்கும் கயிறு
நெகிழி – பிளாஸ்டிக்

பயிற்சிகள்

அ. விடையளிக்க.
1. கரையானை உண்ணக் கரடிக்கு உதவும் உடலமைப்புகள் யாவை?
2. தடை விதித்தது மட்டும் போதாமல் போனது ஏன்?
3. மீட்கப்பட்ட ஆட்டக்கரடிகளைக் காட்டில் விடாதது சரியா? காரணம் கூறி ஐந்து வரிகளில் எழுதுக.

ஆ. பிரித்து எழுதுக.
1. இரும்பூசி 2. வாழ்நாள் 3. இவ்வினா

இ. செயல்பாடு
தமிழில் புலி, கன்னடத்தில் ஹுலி. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. எந்த எழுத்தொலி எவ்வாறு மாறியுள்ளது? இதுபோன்ற வேறு மூன்று சொற்களைக் கன்னடம் பேசும் நண்பரிடம் கேட்டு எழுதி வருக.