பிள்ளை நமக்குப் பாடம் சொல்லட்டும்

பருவத் தேர்வு நெருங்கும்போது நம் இல்லங்களில் பிள்ளைகளைவிடப் பெற்றோரே மிகுதியாகக் கலங்குவதை நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். தொலைக்காட்சி அணைக்கப்படுகிறது, வினா விடைப் புத்தகம் கைக்கு வருகிறது, விடைகளை ஒப்பிக்கச் சொல்லி இரவு நெடுநேரம் குழந்தையை விழிக்க வைக்கிறார்கள். ஏழெட்டு வயதில் இவ்வளவும் வேண்டுமா என்பது பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

முதலில் தேர்வின் இயல்பை அறிதல் நலம். தமிழ்நாட்டில் 2012-13 ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது, வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. வகுப்பில் பிள்ளை பேசுவதும் வரைவதும் செய்து காட்டுவதும் ஐந்தில் இரண்டு பங்கு பெற்றன. 2022 இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. ஒரே வகுப்பில் அமர்ந்திருப்போர் ஒரே நிலையில் இருக்கமாட்டார் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019 இல் வந்த அறிவிப்பு 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அச்சத்தை மட்டும் சில வீடுகளில் இன்னும் கைவிடவில்லை.

வந்தவாசிப் பக்கம் உறவினர் இல்லம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மூன்றாம் வகுப்பில் பயிலும் சிறுமி, எமக்குப் பேத்தி முறை, திருத்திய கணக்குத் தாளை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். தாயார் அதைக் கண்டெடுத்து, தவறிய கணக்கைப் போலவே பத்துக் கணக்குகள் எழுதிக் கொடுத்திருந்தார். 52 இல் 27 போக மீதி 35 என்று எழுதியிருந்தாள். பத்துக் கணக்கிலும் அதே வகைத் தவறு. "எப்படிச் செய்தாய், பாட்டிக்குச் சொல்லிக் கொடு" என்றோம். "ரெண்டிலிருந்து ஏழு போகாது பாட்டி, அதனாலே ஏழிலிருந்து ரெண்டைக் கழிச்சேன்" என்றாள். கவனக்குறைவு என்று தாயார் எண்ணியது, குழந்தை தானே வகுத்துக்கொண்ட ஒரு விதியாக இருந்தது. பத்துக் கணக்குகளும் அவ்விதியையே பத்து முறை உறுதிப்படுத்தின.

ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் அவள் கையில் கொடுத்து, எமக்கு 27 ரூபாய் தரச் சொன்னோம். இரண்டு தாள்களைத் தந்தாள். நாணயங்களைப் பார்த்தாள். சிறிது நேரம் பேசவில்லை. பின், "ஒரு பத்து ரூபாயைச் சில்லறை மாத்தணும் பாட்டி" என்றாள். மாற்றியபின் அவளிடம் மிஞ்சியது 25 ரூபாய். கடன் வாங்கிக் கழித்தல் என்று வகுப்பில் கேட்ட சொல்லுக்கு அன்றுதான் அவளுக்குப் பொருள் விளங்கியது.

இம்முறை நாம் கண்டுபிடித்தது அன்று. நம் சமயத்தவரான பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கும் முறையை விரித்துரைக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்கு கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால். பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய பாதி நிரம்பும் என்பது அவர் கருத்து. ஆசிரியர் பயிற்சி மாணவியர்க்கு இப்பகுதியை நாம் தவறாமல் விளக்கியதுண்டு. தாய்மார்க்கும் அதுவே பொருந்தும். நாம் கேள்வி கேட்டுப் பிள்ளை ஒப்பிப்பதைக் குறைத்து, பிள்ளை ஆசிரியராகவும் நாம் மாணாக்கராகவும் அமர்ந்தால் பாதிக் கல்வி வீட்டிலேயே கைகூடும்.

பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமுள்ள நம் இல்லங்களில் இதற்கு நேரம் எளிதில் வாய்க்கும். உணவு முடிந்தபின் இருபது நிமிடம் போதும். அன்றைய பாடத்தில் ஒன்றை மட்டும் பிள்ளை விளக்கட்டும். நாம் தெரியாதவர் போல் கேட்கலாம். வேண்டுமென்றே ஒரு தவறு செய்து, அதைப் பிள்ளை பிடிக்கிறதா என்று பார்க்கலாம். பிடித்தால் அதற்குள்ள மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! சொல்வதை எழுதும் பயிற்சிக்கு முன், நம் நாவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று நாமே ஒலித்துவிட்டு, தவறாக எழுதியதாகக் குழந்தையைக் கடிவது நியாயமன்று.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மதிப்பெண்ணுக்காக வேண்டுதல் செய்யும் அன்னையர் சிலரைக் காண்கிறோம். வீதராகரான அருகப் பெருமான் மதிப்பெண் வழங்குபவர் அல்லர் என்பதை அவர்களும் அறிவர். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், அறிவை மறைக்கும் ஞானாவரணீய வினை வந்து சேரும் காரணங்களுள், பிறர் கற்பதற்கு இடையூறு செய்தலையும் பொறாமையையும் வைத்துள்ளது. "அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை?" என்ற கேள்வி எவ்வகையைச் சேர்ந்தது என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். அரிசி மூட்டைக்குப் பின்னால் தாளை ஒளிக்க அச்சிறுமிக்கு யாரும் கற்பிக்கவில்லை. அக்கேள்விக்கு அஞ்சியே அவள் ஒளித்தாள்.

திருத்திய தாள் வீட்டிற்கு வந்தால் மதிப்பெண்ணைக் கடைசியில் பாருங்கள். தவறிய கணக்குகளுள் ஒன்றை மட்டும் எடுத்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டு, பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள். சொன்னதை அப்படியே அத்தாளின் பின்புறம் எழுதி, அடுத்த முறை வகுப்பாசிரியரைக் காணும்போது காட்டுங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அவரால் தனித்துக் கேட்டறிய முடியாத ஒன்று அதில் இருக்கும்.