நமது வலைத்தளம் எளிமையாக இருக்கட்டும்



பள்ளிவாசல்களும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் இன்று வலைத்தளம் வைத்திருக்கின்றன. திறந்து பார்த்தால் சிலவற்றில் மூன்று வருடத்துக்கு முந்தைய நோன்புக் கால அட்டவணையே இருக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நாங்கள் நினைக்கவில்லை. கல்வி உதவித்தொகைக்குப் போன வருடத் தேதியைப் பார்த்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தாய் மில்லில் ஒரு ஷிப்ட் கூலியை விட்டு பஸ் ஏறி வந்தால், அந்தக் கூலிக்கு யார் பொறுப்பு?

தளங்கள் பாழாவதற்குப் பெரும்பாலும் பணம் காரணமல்ல. தொடங்கும்போது ஆசையாக ஓடும் எழுத்து, புகைப்படத் தொகுப்பு, வீடியோ என்று எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறோம். செய்து கொடுத்த பிள்ளை வேலைக்கு சவூதி போய்விட்டால் ஒரு வரியை மாற்றக்கூட இங்கே ஆள் இருப்பதில்லை.

நீடித்து நிற்கும் தளத்துக்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கியது. பல நாடுகளின் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழைய நூல்கள் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அங்கே உண்டு. அலங்காரம் எதுவுமில்லை, ஒரு பட்டியல், தொட்டால் நூல், அவ்வளவுதான். உள்ளடக்கம் வெறும் எழுத்தாக இருந்ததால், பழைய எழுத்துருக் குறியீட்டிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளவும் அவர்களால் முடிந்தது. நோட்டீஸை போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படத்தில் ஒரு தேதி மாறினால் படத்தையே புதிதாகச் செய்ய வேண்டும். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் செயலிக்கும் எழுத்தாக இருப்பதே வசதி.

எதைத் தளத்தில் போடுவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தொழுகை நேரம் சூரியனைப் பொறுத்தது. ஓர் ஊருக்குப் பன்னிரண்டு மாத அட்டவணை ஒருமுறை சரிபார்த்துப் போட்டால் பல வருடங்களுக்கு உதவும். ரமளானோ ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் வருகிறது. அதனால் ஸஹர், இஃப்தார் பட்டியலைத் தனியே வைக்காமல் அந்தப் பன்னிரண்டு மாத அட்டவணையையே பார்க்கச் சொல்லலாம். பிறை அறிவிப்பு ஓர் இரவுச் செய்தி. அதற்கு வாட்ஸ்அப் குழுவும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் போதும். ஜக்காத்துக்கும் இப்படித்தான். நிஸாபை ரூபாயில் எழுதினால் வெள்ளி விலை மாறும்போதெல்லாம் தவறாகிவிடும். ஹனஃபி மத்ஹபில் பலரும் கொள்ளும் கணக்குப்படி வெள்ளி 612.36 கிராம் என்று எழுதி, அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அந்த வரியை யாரும் தொட வேண்டியதில்லை.

மாறக்கூடிய தேதி ஒரே பக்கத்தில், ஒரே இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு பக்கத்தில் எழுதினால் மூன்றைத் திருத்தி ஒன்றை மறப்பது மனித இயல்பு. தேதிக்குப் பக்கத்தில் வருடத்தையும் எழுத வேண்டும். "ஜூன் 15 கடைசி நாள்" என்றால் எந்த ஜூன்?

வேர்ட்பிரஸ் நல்ல கருவிதான். ஆனால் அதையும் அதன் துணைச் செயலிகளையும் அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் விஷமிகள் நுழைய வழியாகிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத அமைப்புக்கு சாதாரண எச்டிஎம்எல் பக்கங்கள் நான்கைந்து போதும் என்பது எங்கள் கருத்து.

தளத்தின் பெயர் அறக்கட்டளையின் பெயரிலேயே, அலுவலக மின்னஞ்சலிலேயே பதிவாக வேண்டும். ஜமாஅத் காசில் வாங்கிய இடத்தைத் தனிநபர் பெயரில் பத்திரம் போடுவோமா? இதுவும் அமானிதம்தான். டாட் காம், டாட் ஆர்க் பெயர்களை அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே பதியலாம். புதுப்பிக்கும் தேதியை வரவு செலவுப் பேரேட்டிலும், கடவுச்சொல்லை உறையிலிட்டு பீரோவிலும் வைத்து, நிர்வாகிகள் இருவருக்குத் தெரியப்படுத்த வேண்டும்.

மாதத்தின் முதல் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பக்கங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கிறோம். தமிழில் தட்டச்சு தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், வீட்டிலிருந்தே இதில் உதவலாம். பெயரை அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் கைபேசியில் பழைய தேதி எதுவும் தென்பட்டால் உடனே சொல்லுங்கள், அன்றே திருத்திவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.